தொப்பியும் கோப்பையும் ஒண்டாய்க் கேட்குது: ஆங்கில உயிரொலிகளைப் பிரித்துக் கேட்கப் பழக்குவது எப்படி?

கல்லடி டீச்சர் | 2024 மார்ச் 4, இரவு 8.10

சாதாரணதர வகுப்பில் சொல்வதெழுதுதல் வைத்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். தலையில் போடும் கப், தேத்தண்ணி குடிக்கும் கப், இரண்டும் ஒன்றாகவே காதில் விழுகிறது. படுக்கை என்ற பெட், கெட்டது என்ற பேட், அதுவும் அப்படியே. கிரிக்கெட்டில் ‘நோ போல்’ என்னும்போது வரும் போலும், பந்தை வீசு என்னும் போலும் வேறு வேறு சொல் என்றே நம்ப மறுக்கிறார்கள். நான் வாயை நல்லா அகட்டிச் சொன்னால் எழுதிவிடுகிறார்கள், ஒலிப்பதிவைப் போட்டால் திரும்பப் பிழை. குறில் நெடில் என்று விளங்கப்படுத்தியும் பலன் இல்லை. எதில் தொடங்குவது? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

சாய்ந்தமருதூரான் | மார்ச் 4, இரவு 9.45

டீச்சர், குறில் நெடிலை முதலில் ஒதுக்கி வையுங்கள். தமிழ்க் காது மாத்திரை எண்ணிப் பழகியது. கல் – கால், பல் – பால், கொடு – கோடு, எல்லாவற்றிலும் ஒரு மாத்திரையா இரண்டா என்பதுதான் பொருளைப் பிரிக்கிறது. நாக்கு நிற்கும் இடம் பெரிதாய் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் நாக்கும் நாடியும் சொண்டும் எங்கே நிற்கின்றன என்பதே முதல் கேள்வி. நீளம் பிறகுதான், அதுவும் அடுத்து வரும் மெய்யைப் பொறுத்துக் கூடிக் குறையும். கெட்டது, படுக்கை இரண்டிலும் உயிர் குறில்தான். மாத்திரை எண்ணும் பிள்ளைக்கு அவை ஒன்றாய்க் கேட்பதில் வியப்பில்லை.

இந்த ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதப்போனால் இங்கேயே குழம்பிவிடுவோம். பொருளைக் கொண்டு பெயர் வைப்போம். ஒலியியல் அறிஞர் ஜோன் வெல்ஸ் 1982இல் ஆங்கில உயிர்களுக்கு 24 சொற்களைப் பெயராக வைத்தார், அதே முறைதான். நமக்குப் பத்துப் போதும்: கப்பல் ஒலி, செம்மறி ஒலி (ஷிப், ஷீப்), படுக்கை ஒலி, தொப்பி ஒலி, கோப்பை ஒலி, பானை ஒலி (பொட்), பந்து ஒலி, தோணி ஒலி (படகு என்ற சொல்லில் வருவது), பறவை ஒலி, காளை ஒலி (புல்). வகுப்பிலும் இந்தப் பெயர்களையே சொல்லுங்கள். பிள்ளை “இது தொப்பியா கோப்பையா” என்று கேட்கத் தொடங்கினால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

சாய்ந்தமருதூரான் | மார்ச் 4, இரவு 10.20

இன்னொன்று. வாயை அகட்டிச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். படுக்கை – தொப்பி இணைக்கு அது சரி, தொப்பி – கோப்பை இணைக்கு உதவாது. எண்ணைப் பாருங்கள். பீற்றர்சனும் பார்னியும் 1952இல் அமெரிக்காவில் 76 பேரின் உயிரொலிகளை அளந்து வெளியிட்டார்கள். ஆண்களின் சராசரியில் முதலாம் போமன்ட், இரண்டாம் போமன்ட் இப்படி:

படுக்கை 530, 1840
தொப்பி 660, 1720
கோப்பை 640, 1190
(எல்லாம் ஹேர்ட்ஸ்)

போமன்ட் என்பது வாய்க்குள் காற்று ஒத்ததிரும் சுருதி. முதலாவது, வாய் திறக்கத் திறக்கக் கூடும். இரண்டாவது, நாக்கு முன்னே வர வரக் கூடும். இப்போது மேலே பாருங்கள்: தொப்பிக்கும் கோப்பைக்கும் வாய்த் திறப்பு ஏறத்தாழ ஒன்றுதான், 660க்கும் 640க்கும் என்ன பெரிய வித்தியாசம். பிரிவது முழுக்க நாக்கில், 1720க்கு எதிராக 1190. ஆகவே தொப்பிக்கு “வாயைத் திற” என்று சொல்லக் கூடாது. “நாக்கு நுனி கீழ்ப்பல்லின் பின்புறத்தைத் தொடட்டும், நாக்கின் உடம்பை முன்னே தள்ளு” என்று சொல்ல வேணும். கோப்பைக்கு நாக்கு பின்னே தளர்ந்து கிடக்கும், நுனி பல்லைத் தொடாது.

படுக்கையிலிருந்து தொப்பிக்குப் போவதற்குத்தான் நாடியை இறக்குவது. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் ஒரு பென்சில் படுக்கையாய் நுழையும் அளவு திறந்தால் படுக்கை ஒலி, பெருவிரல் நுழையும் அளவு திறந்தால் தொப்பி ஒலி. இது மட்டமான அளவுதான், வாய்க்கு வாய் மாறும்.

களுதாவளைக்காரன் | மார்ச் 5, காலை 6.30

நம்மட எழுத்து வழக்கமும் இதில் காரணம். இலங்கையில் கமரா, பட்டரி என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டில் கேமரா, பேட்டரி. சொல் ஒன்று, உயிரும் ஒன்று, இரண்டுமே தொப்பி ஒலி. நாம் அதை ‘அ’வுக்குள் போட்டோம், அவர்கள் ‘ஏ’க்குள் போட்டார்கள். அதனால் அங்கே பிள்ளைகளுக்குத் தொப்பி படுக்கைப் பக்கம் சாய்கிறது, இங்கே கோப்பைப் பக்கம் சாய்கிறது. தமிழ்நாட்டு வீடியோப் பாடத்தை அப்படியே நம்ம வகுப்பில் போட்டால் சரிவராததற்கு இது ஒரு காரணம். அவர்கள் திருத்துவது அவர்களுடைய பிழையை.

அதே நேரம் பானை ஒலியில் நமக்கு வாசி அதிகம். டொக்டர், லொறி, கோப்பி என்று ஒகரத்திலோ ஓகாரத்திலோ எழுதுவதால் பிரித்தானிய உச்சரிப்புக்குக் கிட்டவே நிற்கிறோம்.

அம்பாறை நகர் | மார்ச் 5, காலை 7.15

தொப்பி ஒலி சிங்களத்தில் இருக்கிறது! அரிச்சுவடியில் அ, ஆவுக்கு அடுத்து வரும் இரண்டு எழுத்தும் அதற்குத்தான், ஒன்று குறில், ஒன்று நெடில். ‘முடியாது’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் சிங்களவர் சொல்லும் ஓரசைச் சொற்களில் வருவது நெடில். ‘போதும்’ என்ற சொல்லின் முதலெழுத்து குறில். பஸ்ஸிலும் கடையிலும் ஒவ்வொரு நாளும் கேட்கிற சொற்கள் இவை. அம்பாறைப் பக்கப் பிள்ளைகளுக்குப் புதிதாய் ஒலி கற்பிக்க வேண்டியதில்லை. “அந்தப் ‘போதும்’ சொல்லில் வருகிறதே, அதைக் கொண்டுவந்து தொப்பியில் வை” என்றால் போதும்.

காத்தான்குடிவாசி | மார்ச் 5, பகல் 1.40

சிங்களம் கேட்டுப் பழகாத பிள்ளைகளுக்கும் ஒரு வழி உண்டு, குர்ஆன் மதரசாவில் ஓதியவர்களுக்கு. தஜ்வீதில் (குர்ஆன் ஓதும் உச்சரிப்பு விதிகளில்) தடித்து ஓத வேண்டிய எழுத்துகள் ஏழு. ஸீன் என்ற எழுத்துக்கு மேல் பத்ஹ் (அகரக் குறி) வந்தால் மெல்லிசாக, நாக்கு முன்னே நிற்க வரும். தடித்த எழுத்தான ஸாதுக்கு மேல் அதே பத்ஹ் வந்தால் நாக்கின் பின்பக்கம் உயர்ந்து, ஒலி தடித்துப் பின்னே போகும். குறி ஒன்று, உயிர் இரண்டு. அந்த மெல்லிய ஒலி தொப்பிப் பக்கம், தடித்த ஒலி வண்டில் (கார்ட்) பக்கம். நல்லா ஓதப் பழகிய பிள்ளைக்கு முன் – பின் என்ற உணர்வு நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது, அது ஆங்கிலத்துக்கும் உதவும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மத்து (உயிரை நீட்டி ஓதும் அளவு) எண்ணுவது நீளப் பயிற்சி, அதை இதோடு கலக்க வேண்டாம்.

சாய்ந்தமருதூரான் | மார்ச் 5, பகல் 2.05

அருமையான விசயம் நானா. ஒரு சின்னத் திருத்தம்: அரபு உயிர் தொப்பி ஒலியாகவே வந்துவிடாது, ஓதுபவரைப் பொறுத்து இடைப்பட்டு நிற்கும். நாக்கை நகர்த்தும் திசையைக் காட்டத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும்.

களுதாவளைக்காரன் | மார்ச் 5, இரவு 8.50

டீச்சர் எந்தச் சொற்களை வைத்துப் பழக்குகிறீர்கள்? ‘ட்’ இல் முடியும் சொற்களைத் தொடக்கத்தில் தவிருங்கள். தமிழில் ட, ள, ழ மூன்றும் முன்னால் நிற்கும் உயிரை இழுக்கும். பிள்ளை என்பது புள்ள ஆவதும் பெட்டி என்பது பொட்டி ஆவதும் அதனால்தான், நாக்கு நுனி மேலே வளையப் போகும் அவசரத்தில் இகரமும் எகரமும் நடுவுக்கு நகர்ந்துவிடும். ஆங்கிலச் சொல்லின் கடைசி ‘ட்’ஐயும் நாம் நாக்கை வளைத்தே சொல்கிறோம். ஆகவே பெட், பேட் என்று நீங்கள் சொல்லும்போது இரண்டு உயிரும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து போகும். ப், க், ம், ன் இல் முடியும் இணைகளை எடுங்கள். மனிதர் – மனிதன் (மென், மேன்), பேனா – தாச்சி (பென், பேன்), தொப்பி – கோப்பை எல்லாம் பாதுகாப்பானவை.

களுதாவளைக்காரன் | மார்ச் 5, இரவு 9.30

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை. ம், ன் முன்னால் அமெரிக்கர் தொப்பி ஒலியை உயர்த்தி இரண்டாய் உடைப்பார்கள், ‘மெயன்’ மாதிரிக் கேட்கும். அமெரிக்கப் பதிவுகளை வைத்திருந்தால் மனிதர் – மனிதன் இணை பிள்ளையைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோகும். அப்போது ப், க் மட்டும்.

கல்லடி டீச்சர் | மார்ச் 6, மாலை 5.20

பதிவுகள் கலந்துதான் இருக்கின்றன, இதுவரை அதைக் கவனிக்கவில்லை. பயிற்சியைச் சொல்லுங்கள். 10 தொப்பிக் கடதாசி, 10 கோப்பைக் கடதாசி எழுதிக் குலுக்கி, ஒவ்வொன்றாய் எடுத்து வாசிக்கலாமா?

சாய்ந்தமருதூரான் | மார்ச் 6, இரவு 9.00

கடதாசி வேண்டாம். பத்துக்குப் பத்து என்று பிள்ளைக்குத் தெரிந்தால் கடைசி நாலைந்தை எண்ணிப் பார்த்தே சொல்லிவிடும். காசு சுண்டுங்கள். தலை விழுந்தால் தொப்பி, பூ விழுந்தால் கோப்பை. தொடர்ந்து ஐந்து தொப்பி வந்தாலும் மாற்றக் கூடாது.

நீங்கள் வாசிக்கவும் வேண்டாம். உங்கள் வாயசைவைப் பார்த்தே பாதிப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள், பதிவில் தோற்பதற்கு அதுதான் காரணம். இணைய அகராதிகளில் கேம்பிரிட்ஜில் பிரித்தானியக் குரல், அமெரிக்கக் குரல் இரண்டும் தனித்தனிப் பொத்தானில் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள். வெவ்வேறு சொற்களைத் திறந்தால் ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறி வரும். குறைந்தது 5 குரல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே குரலில் பழகிய காது அந்த ஆளைத்தான் கற்கும், ஒலியைக் கற்காது. ஜப்பானியருக்கு ஆங்கில ர, ல பழக்கிய ஆய்வுகள் 1990களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டின: பல குரலில் பழகியவர்கள் கேட்டிராத குரலுக்கும் அதைக் கொண்டுபோனார்கள்.

ஒரு சுற்று 20 கேள்வி. ஒரு சொல் ஒலிக்கும், பிள்ளை தொப்பி அல்லது கோப்பை என்று எழுதும், உடனே சரி பிழை சொல்ல வேண்டும். கடைசியில் மொத்தமாய்ச் சொன்னால் காது திருந்தாது. பிழை என்றால் அதே சொல்லையும் இணையையும் அடுத்தடுத்து இரண்டு தடவை போட்டுக் காட்டுங்கள். நாளுக்கு மூன்று சுற்று, 10 முதல் 12 நிமிடம் பிடிக்கும். கிழமைக்கு ஒரு நாள் ஒரு மணித்தியாலம் செய்வதைவிட இது மேல்.

மதிப்பெண் பற்றி: கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் 20க்கு 10 வரும். 13, 14 எல்லாம் ஊகத்திலும் வரக்கூடிய எண்கள். 15 அல்லது அதற்கு மேல் ஊகத்தில் வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு. ஆகவே 15ஐக் கண்டால் காது ஏதோ பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். மூன்று நாள் தொடர்ந்து 18 வந்தபின் அடுத்த இணைக்குப் போங்கள்.

அறுகம்பே கைட் | மார்ச் 7, காலை 10.15

டூரிஸ்ட் வேலை செய்யிற பொடியன்மாருக்கு அவசரமா வேண்டியது செம்மறியும் கப்பலும்தான். கடற்கரைக்குச் சொல்ற சொல்லும் கட்டில் விரிப்புக்குச் சொல்ற சொல்லும் கப்பல் ஒலியில் விழுந்தா பச்சைத் தூஷணம். பயத்தில சிலபேர் ‘பீஈஈச்’ எண்டு இழுக்கிறாங்க. அது காணுமா?

சாய்ந்தமருதூரான் | மார்ச் 7, பகல் 12.30

காணாது தம்பி. இழுத்த கப்பல் ஒலி, இழுத்த கப்பல் ஒலியாகத்தான் கேட்கும். அதோடு ஆங்கிலத்தில் ப், ட், க், ச் போன்ற வன்மையான ஒலி பின்னால் வந்தால் உயிர் தானாகவே சுருங்கும். நாலு சொல்லை (தமிழில் எழுதினால் பீட், பீட், பிட், பிட்) வரிசையாய்க் கேளுங்கள்: பாசிமணி (செம்மறி ஒலி, பின்னால் மென்மையான ட்), அடித்தல் (செம்மறி ஒலி, வன்மையான ட்), ஏலம் கேட்டல் (கப்பல் ஒலி, மென்மையான ட்), துண்டு (கப்பல் ஒலி, வன்மையான ட்). பாசிமணி நல்ல நீளம், துண்டு நல்ல குறுக்கம். நடுவில் உள்ள அடித்தலும் ஏலமும் ஏறத்தாழ ஒரே நீளம். நீளத்தை மட்டும் நம்புகிற காது இந்த இரண்டில் கட்டாயம் ஏமாறும். பரீட்சிக்க நல்ல இணை அதுதான்.

இடம் சொல்கிறேன். செம்மறிக்குச் சொண்டு இரண்டு பக்கமும் நீளும், நாக்கு அண்ணத்துக்கு மிகக் கிட்ட, முன்னே, இறுக்கமாய் நிற்கும். நம்ம ஈகாரம் போதும். கப்பலுக்குச் சொண்டைத் தளர விடு, நாக்கை இகரத்திலிருந்து சற்றே எகரத்தின் பக்கம் இறக்கு, ஆனால் எகரத்தைத் தொடாதே. கடற்கரை என்று சொல்லும்போது இழுக்கத் தேவையில்லை, சிரிக்கிற மாதிரிச் சொண்டை விரித்தால் சரி. பின்னால் ‘ச்’ வருவதால் அது குறுகித்தான் வரும், குறுகட்டும்.

அவுஸ்திரேலியாக்காரரும் நியூசிலாந்துக்காரரும் அங்கே நிறைய வருவார்கள். நியூசிலாந்துக்காரர் படுக்கை ஒலியை மேலே தூக்கிவிடுவார்கள், பேனா என்று அவர் சொன்னால் ஊசி (பின்) என்று கேட்கும். அதைக் காதின் பிழை என்று எடுக்க வேண்டாம்.

கல்லடி டீச்சர் | மார்ச் 9, இரவு 7.40

பந்து – பந்து வீசு இணைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

களுதாவளைக்காரன் | மார்ச் 9, இரவு 10.10

அந்த இணையில் தொடங்காதீர்கள். பின்னால் ‘ல்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லின் முடிவில் வரும் ல் நாக்கின் பின்பக்கத்தைத் தூக்கும், அது இரண்டு உயிரையும் பின்னே இழுத்துக் கிட்டக் கொண்டுவரும். ஆங்கிலேயரிலேயே பலர் ல் முன்னால் தோணி ஒலியைத் தனி விதமாய்ச் சொல்வார்கள். தோணி (போட்) – வாங்கினேன் (இறந்தகால போட்) என்ற இணையில் தொடங்கி, அது வந்தபின் கிரிக்கெட்டுக்கு வாருங்கள். இங்கே ட் இல் முடிவது பரவாயில்லை, நாக்கு வளைந்தால் ஓகாரம் அவ்வளவாய்க் கெடாது.

கேட்க வேண்டியது அசைவு. தோணி ஒலி ஓரிடத்தில் நிற்காது, தொடங்கும்போது சொண்டு தளர்ந்திருக்கும், முடியும்போது குவியும். பந்து ஒலி தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே குவிவு, நம்ம ஓகாரத்தைவிட நாடி கீழே. நம்ம ஓகாரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அசைவும் இல்லை. அதனால் இரண்டையும் அதற்குள்ளேயே அடக்கிவிடுகிறோம்.

இந்தக் குழப்பத்துக்கு நாட்டில் ‘நொட் பொட்’ இங்கிலீஷ் என்று ஒரு பட்டப்பெயர் வைத்து, பேசுபவரின் ஊரையும் வகுப்பையும் அளக்கும் வழக்கம் இருக்கிறது. வகுப்பில் அந்தச் சொல் வரவே கூடாது. வெட்கப்பட்ட பிள்ளை வாயே திறக்காது, வாய் திறக்காத பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் பலிக்காது.

காத்தான்குடிவாசி | மார்ச் 10, காலை 9.05

கனடா போகவிருப்பவர்களுக்கு: அங்கே பெரும்பாலானோர் பானை ஒலியையும் பந்து ஒலியையும் ஒன்றாக்கிவிட்டார்கள். கட்டில் (கொட்) – பிடித்தான் (கோட்) இரண்டும் ஒரே சொல்லாய் ஒலிக்கும். ரொறன்ரோவில் இருக்கும் உறவுக்காரரிடம் அந்த இணையைச் சொல்லச்சொல்லிப் பதிந்து பழகினால் இல்லாத வித்தியாசத்தைத் தேடி நேரம் போகும். லண்டன் போகிறவருக்கு அது வேண்டும். எங்கே போவது என்று முடிவு செய்தபின் இணையைத் தெரிவு செய்யுங்கள்.

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதுபவர்களுக்கும் ஒரு வரி. கேட்டல் பகுதியில் 40 கேள்வி, பதிவு ஒரே தடவைதான் ஓடும். முதல் பகுதியில் பெயரையோ தெருவையோ எழுத்தெழுத்தாய்ச் சொல்வது வழக்கம். ‘ஈ’ என்று கேட்டவுடன் நம்ம கை ஐ என்ற எழுத்தை எழுதிவிடும், ஈகாரத்துக்கு அந்த எழுத்தைத்தான் பழகியிருக்கிறது. ஏ, ஈ, ஐ மூன்றையும் மட்டும் காசு சுண்டும் முறையில் (மூன்று என்பதால் ஆறு பக்கத் தாயக்கட்டை உருட்டி, எழுத்துக்கு இரண்டு பக்கம்) ஒரு கிழமை எழுதிப் பழகுங்கள். ஊகம் இங்கே மூன்றில் ஒன்று என்பதை மறக்க வேண்டாம், 20க்கு 7 வந்தால் ஒன்றும் தெரியாது என்றே பொருள்.

அம்பாறை நகர் | மார்ச் 10, இரவு 8.00

வேலை (வேர்க்) – நட (வோக்)?

சாய்ந்தமருதூரான் | மார்ச் 10, இரவு 9.25

வேலையில் வருவது பறவை ஒலி, நடையில் வருவது பந்து ஒலி. சொண்டைப் பார்த்தாலே தெரியும்: நடைக்குக் குவியும், வேலைக்குக் குவியவே கூடாது. பறவை ஒலிக்கு நம்மிடம் இருக்கும் நெருங்கிய உறவு குற்றியலுகரம். ‘எனக்கு’, ‘பாட்டு’ என்று சாதாரணமாய்க் கதைக்கும்போது கடைசி உகரத்தில் சொண்டு குவிவதில்லை, கவனித்துப் பாருங்கள். அந்த உகரத்தைப் பிடித்து நீட்டுங்கள், அதுதான் பறவை ஒலி.

சாய்ந்தமருதூரான் | மார்ச் 11, காலை 6.00

நேற்று எழுதியது முழுக்கச் சரியில்லை. குற்றியலுகரத்தில் நாக்கு உயரமாய் நிற்கிறது. அப்படியே நீட்டினால் பறவை ஒலிக்கு மேலே நிற்கும், ஆங்கிலேயருக்கு வேறு ஏதோவாய்க் கேட்கும். குற்றியலுகரத்தில் தொடங்கி, சொண்டை அசைக்காமல், நாடியை மட்டும் பென்சில் அளவுக்கு இறக்கி, பிறகு நீட்ட வேண்டும். ‘ர்’ஐயும் விடுங்கள். பிரித்தானிய வழக்கில் அங்கே ர் ஒலிப்பதில்லை, எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. அமெரிக்க, கனடிய வழக்கில் நாக்கு சுருண்டு ர் உயிரோடு கலந்துவரும், அதனால் அங்கே வேலையும் நடையும் காதுக்கு எளிதில் பிரியும்.

கல்லடி டீச்சர் | மார்ச் 17, இரவு 8.30

காசு சுண்டி ஆறு நாள் செய்தாகிவிட்டது. தொப்பி – கோப்பையில் 14 பிள்ளைகளில் 9 பேர் 16க்கு மேல். நேற்று இதுவரை போடாத ஒரு பெண் குரலைப் போட்டேன். அந்த 9 பேரில் 5 பேர் 10, 11க்கு இறங்கிவிட்டார்கள். சொற்களை மாற்றட்டுமா? பதிவை வகுப்பு ஸ்பீக்கரில்தான் போடுகிறேன், மேலே தகரக்கூரை, இரண்டு பான் (மின்விசிறி) ஓடுகிறது.

சாய்ந்தமருதூரான் | மார்ச் 17, இரவு 10.15

சொற்களை மாற்ற வேண்டாம், குரல்களைக் கூட்டுங்கள். 10, 11 என்றால் ஊகம், பழைய ஐந்து குரலைப் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறது. பெண் குரலில் போமன்ட் எல்லாமே மேலே நகரும், ஆண் குரலில் பழகிய எல்லைக்கோடு அங்கே பொருந்தாது. உங்கள் ஐந்தில் பெண் குரல் எத்தனை என்று பாருங்கள். பாதிக்குப் பாதி இருக்க வேண்டும்.

பதிவுகளின் சத்தத்தையும் சமப்படுத்துங்கள். வாய் கூடத் திறக்கும் உயிர் இயல்பாகவே உரத்தும் நீண்டும் வரும், அடுத்து நீங்கள் போகப்போகும் படுக்கை – தொப்பியில் பிள்ளை உரப்பை வைத்தே தொப்பியைக் கண்டுபிடித்துவிடும். ஒடாசிட்டி இலவச மென்பொருள். எல்லாச் சொல்லையும் ஒரே தடத்தில் வரிசையாய் வைத்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாய்த் தெரிவு செய்து நோர்மலைஸ் செய்யுங்கள். முழுத் தடத்தையும் ஒரேயடியாய்ச் செய்தால் உரத்தது உரத்ததாகவே இருக்கும்.

பான் இரண்டையும் நிறுத்துங்கள். தொப்பியும் கோப்பையும் பிரிவது 1200க்கும் 1700க்கும் இடையில், பான் இரைச்சலும் மழை பெய்தால் தகரமும் அதையெல்லாம் மூடிவிடும். முடிந்தால் வயர் இயர்போன், இரண்டு பேருக்கு ஒன்று என்றாலும் பரவாயில்லை. பிள்ளைகளின் சொந்தக் குரலை அளக்க விரும்பினால் பிராட் என்ற மென்பொருள் இருக்கிறது, அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, அதுவும் இலவசம். போமன்ட் உச்சவரம்பை ஆண்களுக்கு 5000, பெண்களுக்கு 5500 என்று வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் கூட. வரம்பு பிழைத்தால் கணினி காட்டும் எண்ணும் பிழைக்கும்.

களுதாவளைக்காரன் | மார்ச் 18, காலை 6.45

ஒன்று சேர்க்கிறேன் டீச்சர். 1952ஆம் ஆண்டு எண்கள் அமெரிக்க உச்சரிப்புக்கு உரியவை. இன்றைய தென் இங்கிலாந்து இளையவர்கள் தொப்பி ஒலியை இன்னும் கீழே இறக்கி அகரத்துக்குக் கிட்டக் கொண்டுவந்துவிட்டார்கள். நீங்கள் கடைசியாய்ப் போட்ட பெண் குரல் இளம் பிரித்தானியக் குரலா என்று ஒருக்கால் பாருங்கள். அப்படியென்றால் தொப்பி – கோப்பை அந்தக் குரலில் உண்மையாகவே கிட்டக் கிட்டத்தான் இருக்கும், அந்த 5 பிள்ளைகளும் கேட்டது அவ்வளவு பிழையில்லை. அதைக் கடைசிக் கிழமைக்கு வைத்துவிட்டு, இடையில் பழைய பிபிசிப் பாணியில் பேசும் குரல் இரண்டைச் சேருங்கள்.

கல்லடி டீச்சர் | மார்ச் 18, இரவு 7.55

இளம் குரல்தான். ஐந்து பழைய குரலில் பெண் குரல் ஒன்றே ஒன்று. நாளைக்கு மூன்றைச் சேர்த்து, பான் இரண்டையும் நிறுத்தி, திரும்ப முதலாம் நாளிலிருந்து எண்ணுகிறேன்.